மேஜரின் இடது கை

நினைவுக் கூட்ட மண்டபத்துக்குள் காலை வைத்ததும் மேஜரம்மாவின் கண்ணில் பட்டது அந்தப் படம்தான்.

ஆளுயரத்துக்குப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, மேடையின் நடுவில் நிறுத்தியிருந்தார்கள். படத்தில் அவள் கணவர் ராணுவச் சீருடையில் நிற்கிறார். முப்பது வயதுகூட இருக்காது. வலது கையில் ஒரு தகரக் குவளை. பின்னால் ஆற்றுக்குக் குறுக்கே புதிதாகப் போட்ட இரும்புப் பாலம். இடது கை பாலத்தின் கைப்பிடிக் கம்பியைப் பற்றியிருக்கிறது. அந்தக் கையில் ஐந்து விரலும் இருந்தன.

அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. பாலத்தின் முகப்பில் ஒரு பலகை. திறப்பு விழா நாள் எழுதிய பலகை. சண்டை ஓய்ந்து எத்தனையோ மாதம் கழித்து வந்த தேதி. டிரங்குப் பெட்டியில் உள்ளங்கை அகலத்துக்குக் கிடந்தபோது அது வெறும் வெள்ளைத் தீற்றல். இப்போது கடைசி வரிசையில் உட்கார்ந்தவரும் கண்ணாடி போடாமல் படிக்கலாம்.

"எப்படிம்மா இருக்கு?" என்றான் மகன். அவன் முகத்தில் அப்படி ஒரு பெருமை. "உன்கிட்ட சொல்லாமலே போட்டேன். பாத்ததும் நீ அழுவேன்னு நெனச்சேன்."

"நல்லா இருக்குடா" என்றாள்.

அழுகை எங்கிருந்து வரும்? மேஜரின் இடது கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் கிடையாது என்பது ஊரறிந்த விஷயம். அவை எப்படிப் போயின என்பதும் ஊரறிந்த கதை. எதிரியின் குண்டுமழைக்கு நடுவே பாலத்தின் கடைசி போல்ட்டை முடுக்கும்போது ஒரு குண்டு வந்து சீவிக்கொண்டு போனது. அவர் கையைத் துணியால் சுற்றிக்கொண்டு போல்ட்டை முடுக்கி முடித்துவிட்டுத்தான் விழுந்தார். தெருவில் எந்தக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். மகன் பள்ளிக்கூடத்தில் அதைக் கட்டுரையாக எழுதிப் பரிசுகூட வாங்கியிருக்கிறான்.

அதில் ஒரு வார்த்தை உண்மை கிடையாது. அது தெரிந்தவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர். அவரும் அவளும். அவர் போய் ஒரு மாதம் ஆகிறது. இனி தன் ஒருத்தியோடு முடிந்தது என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

நடந்தது இதுதான். பட்டாளத்தை விட்டு வந்த புதிதில் அவர்கள் அவளுடைய அப்பா வீட்டு மாடியில் குடியிருந்தார்கள். அவர் கேப்டனாகத்தான் விலகினார். மேஜர் பதவி உயர்வு தெரு கொடுத்தது. தண்ணீர்ப் பம்பு தொழிற்சாலையில் பொறியாளர் வேலை உறுதியாகியிருந்தது. சேருவதற்கு முன் கையிலிருந்ததைக் கொண்டுபோய் ஏலத்தில் ஒரு பழைய காரை எடுத்து, கயிறு கட்டி இழுத்துவந்து வாசலில் நிறுத்தினார். பச்சை நிறம் என்று அவர் சொன்னார். துருவுக்கு நடுவே அங்கங்கே பச்சை இருந்தது உண்மை.

அப்பாவுக்கு வந்ததே கோபம். "மாப்பிள்ளைன்னு நம்பிப் பொண்ணக் குடுத்தா, வாசல்ல பொணத்தக் கொண்டாந்து போட்டிருக்கான்" என்று தெருவே கேட்கக் கத்தினார். "இதுல ஒரு கீறல் பட்டு யாராவது ஆஸ்பத்திரிக்குப் போகட்டும். அன்னிக்கே எடைக்குப் போட்டுருவேன்."

அப்பா வெளியூர் போயிருந்த ஒரு காலையில் கார் முதல் தடவையாக உயிர் பெற்றது. மாப்பிள்ளைக்குத் தலைகால் புரியவில்லை. எங்கோ கிறீச்சென்று ஒரு சத்தம் வருகிறது, அது எது என்று பார்க்கிறேன் என்று ஓடிக்கொண்டிருந்த என்ஜினுக்குள் கையை விட்டார். ரேடியேட்டருக்குப் பின்னால் சுற்றும் காற்றாடியை அந்த நேரத்துக்கு மறந்துபோனார். போரில் கண்ணிவெடிக்கு நடுவே நடந்து ஒரு கீறல் இல்லாமல் திரும்பிய மனிதர், வீட்டு வாசலில் விரலைக் கொடுத்தார்.

அப்பா ஊரிலிருந்து வந்து கைக்கட்டைப் பார்த்து வாயைத் திறக்கும் முன்னால் அவள்தான் முந்திக்கொண்டாள். "போர்ல பட்ட பழைய காயம்ப்பா. உள்ள ஏதோ சில்லு தங்கியிருந்துருக்கு. சீழ் வெச்சுப்போச்சு. எடுத்துத்தான் ஆகணும்னுட்டாங்க."

அப்பா அப்படியே நின்றார். பிறகு மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கல்யாணமான நாளிலிருந்து இல்லாத வழக்கமாக, "வலிக்குதா தம்பி?" என்று கேட்டார்.

தனியாக இருக்கும்போது கணவர் கேட்டார்: "எதுக்கு அப்படிச் சொன்ன?"

"உண்மையச் சொல்லியிருந்தா கார எடைக்குப் போட விட்டிருப்பீங்களா?"

"மாட்டேன்."

"அப்ப வாய மூடிக்கிட்டு இருங்க."

அவர் வாயை மூடிக்கொண்டார். அப்பா மூடவில்லை. அவர் வாயில் சில்லு குண்டாயிற்று. சீழ் காணாமல் போயிற்று. போல்ட் பிற்பாடு வந்து சேர்ந்தது. பேரன் பிறந்து கதை கேட்கும் வயதுக்கு வந்தபோது குண்டுமழையும் தயாராக இருந்தது. "அப்படியாப்பா?" என்று பையன் வந்து கேட்டால் மேஜர், "சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டுக் கார் கொட்டகைக்குப் போய்விடுவார். அடக்கமான மனிதர் என்று ஊர் சொன்னது.

இப்போது அந்தக் கொட்டகைக்காரரின் ஐந்து விரலும் மேடையில் பளிச்சென்று நிற்கின்றன.

மேஜரம்மா மேடையேறினாள். ஓரத்தில் இருந்த பூச்சாடியை நகர்த்தி, படத்தின் இடது கைக்கு நேராக வைத்தாள். இறங்கி வந்து பார்த்தாள். இரண்டு விரல் மறைந்தது. கொஞ்சம் மூச்சு வந்தது.

மருமகள் எங்கிருந்தோ வந்து சாடியைப் பழைய இடத்தில் வைத்தாள். "அத்தை, சாடி படத்த மறைக்குது."

"அழகா இருக்கும்னு..."

"மாமா கையையே மறைக்குது பாருங்க."

அவள் போனதும் மேஜரம்மா மறுபடி நகர்த்தினாள். மைக் சரிபார்க்க வந்த பையன் மறுபடி எடுத்து வைத்தான். மூன்றாம் முறை எழுந்தபோது மருமகள் அவள் கையைப் பிடித்து முன்வரிசையில் உட்காரவைத்து, "நீங்க அமைதியா இருங்க அத்தை, எல்லாத்தையும் நாங்க பாத்துக்கறோம்" என்றாள். அவர்கள் பார்த்துக்கொள்வதுதான் அவளுக்குப் பயம்.

கூட்டம் நிரம்பத் தொடங்கியது. முன்வரிசைகளில் உறவும் தெருவும். நடுவில் தொழிற்சாலை ஆட்கள். பின்னால் பழைய கார் சங்கத்துக்காரர்கள். ஞாயிறுதோறும் மேஜரோடு கொட்டகையில் குனிந்து கிடந்தவர்கள். அவர்களுடைய கார்கள் வெளி வளாகத்தில் வரிசையாக நின்றன. மேஜரின் பச்சைக் கார் முதலாவதாக. யாரோ துடைத்துப் பளபளக்க வைத்திருந்தார்கள்.

மகன் வாசலிலிருந்து ஒரு முதியவரைக் கைத்தாங்கலாக அழைத்துவந்தான். கைத்தடி, ஒட்டிய கன்னம், காதில் கேட்கும் கருவி. "அம்மா, யாருன்னு தெரியுதா? அப்பாவோட பட்டாளத்துல இருந்தவரு. தேடிக் கண்டுபிடிச்சேன். அப்பா 'ஒயர்லெஸ்'னு சொல்லுவாரே, அவரேதான். பேசறதுக்கு ஒத்துக்கிட்டாரு."

மேஜரம்மாவுக்கு ஆள் யாரென்று உடனே விளங்கியது. பாலம் போட்ட இடத்தில் கூடவே நின்ற மனிதர். வயர்லெஸ் பெட்டியைத் தோளில் சுமந்துகொண்டு கணவரின் நிழலாகத் திரிந்தவர். விரல்களை எண்ணிப் பார்த்த ஒரே சாட்சி. இவனுக்கு வேறு ஆளே கிடைக்கவில்லையா?

மகன் நகர்ந்ததும் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். இருபுறமும் பார்த்துவிட்டு, "ஐயா, ஒரு விஷயம். பேசறப்ப அவரு விரலப் பத்தி மட்டும்..." என்று தாழ்ந்த குரலில் தொடங்கினாள்.

அவர் காதைத் திருப்பினார். கருவி கீயென்று கூவியது. "என்னம்மா?"

"விரலப் பத்தி..."

"விறகா?" மண்டபமே கேட்கும் குரல். சுற்றிலும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஒண்ணும் இல்லீங்க. தண்ணி குடிக்கிறீங்களா?"

"ஆமாம்மா, நல்லவரு. ரொம்ப நல்லவரு" என்று அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அவள் தன் நாற்காலிக்குத் திரும்பினாள். புடவைத் தலைப்பின் நுனி அவள் விரல்களில் முறுக்கேறிக்கொண்டே போயிற்று.

முதலில் தொழிற்சாலை மேலாளர் பேசினார். மேஜர் வடிவமைத்த பம்பு வெள்ளத்தில் மூழ்கியும் நிற்காமல் ஓடியதைச் சொன்னார். வாசலில் போகும் லாரியின் சத்தத்தைக் கேட்டே, பேச்சை நிறுத்திவிட்டு, "பேரிங் போச்சு அவனுக்கு" என்பாராம். ஒருமுறை அப்படிச் சொன்ன லாரியைத் துரத்திப்போய் நிறுத்தியும் விட்டாராம். எல்லோரும் சிரித்தார்கள். மேஜரம்மாவுக்கு அது நினைவிருந்தது. மேலாளர் வீட்டு விருந்தில், பாதிச் சாப்பாட்டில், கணவர் எச்சில் கையோடு எழுந்து ஓடினார். வேறொரு நாளாக இருந்தால் அவளும் சிரித்திருப்பாள்.

அடுத்தது மகன். காப்பீட்டு அலுவலகத்தில் பத்துப் பேருக்கு மேல் கூட்டம் என்றாலே வியர்ப்பவன். தாளை இரண்டு கையாலும் பிடித்திருந்தான், ஆடாமல் இருக்க.

"எங்கப்பா கைய நீங்க எல்லாரும் பாத்திருக்கீங்க" என்று தொடங்கினான். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். போல்ட் வந்தது, குண்டு வந்தது, துணி சுற்றியது வந்தது. "இதப் பத்தி அவரு வாயால ஒரு வார்த்தகூட சொன்னதில்ல. யாருகிட்டயும் சொன்னதில்ல."

பின்வரிசையில் யாரோ இருமினார்கள். திரும்பிப் பார்த்தாள். கார் சங்கத்துக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நசுங்கிய கார்த் தகட்டைத் தட்டி நிமிர்த்தும் டிங்கர்காரர் தலையைக் குனிந்து தன் செருப்பை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

அவளுக்கு விளங்கிவிட்டது. அவர்களுக்குத் தெரியும். அந்த வரிசையில் எல்லோருக்கும் தெரியும். மனிதர் வீட்டில் வாயைக் கட்டிக்கொண்டிருந்துவிட்டு, கொட்டகையில் சொல்லியிருக்கிறார்.

மகன் தாளைத் திருப்பினான். "நானும் பட்டாளத்துல சேரணும்னு போனேன். தேர்வுல ஒரு பள்ளத்தக் கயிறு பிடிச்சுத் தாண்டணும். எனக்கு கை நடுங்கிருச்சு. பிடிக்க முடியல. திரும்பி வந்துட்டேன். அப்பா ஒண்ணும் சொல்லல. ஆனா அவரு கையப் பாக்கறப்பல்லாம் எனக்கு..." தாளை மடித்தான். "அவரு மாதிரி ஒருத்தருக்குப் பிறந்தது என் பாக்கியம். அவ்வளவுதான்."

கைதட்டினார்கள். மேஜரம்மா தட்டவில்லை. கயிற்றிலிருந்து திரும்பிய அந்த வாரம் அவன் அறைக்கதவைத் திறக்கவே இல்லை. கணவர் சமையலறைக் கதவு நிலையைப் பிடித்தபடி நின்று, "சொல்லிடலாமா அவன்கிட்ட?" என்று கேட்டார். "இப்ப சொன்னா, இத்தன வருஷமா ரெண்டு பேரும் சேந்து ஏமாத்தினோம்னு ஆகிடும்" என்றாள் அவள். அவர் கொட்டகைக்குப் போனார். அதன் பிறகு மகன் கொட்டகைப் பக்கமே வரவில்லை. அப்பாவுக்கு ஒரு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தது கிடையாது.

ஒயர்லெஸ்ஸை நாற்காலியோடு மைக்கருகில் கொண்டுபோய் வைத்தார்கள். மகன் பேசியதில் ஒரு சொல்லும் அவர் காதில் விழுந்திருக்கவில்லை. கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார். பிறகு திரும்பிப் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார்.

"கேப்டன் சாரு பயந்தாங்கொள்ளி" என்றார்.

மண்டபம் நிமிர்ந்து உட்கார்ந்தது.

"தப்பா எடுத்துக்காதீங்க. நாங்க எல்லாருமே பயந்தாங்கொள்ளிங்கதான். ஆனா சாருக்குப் பயம் கையில வரும். குண்டுச் சத்தம் கேட்டா வாய் பேசிட்டே இருக்கும், கை மட்டும் தனியா ஆடும். பாலத்துக்கு எவ்வளவு பாரம் ஏத்தலாம்னு கணக்குப் போடணும் இல்லையா? பென்சில் நிக்காது. என்னக் கூப்பிட்டு, 'டேய் ஒயர்லெஸ், நான் சொல்றேன், நீ எழுதுடா'ம்பாரு. நான் எழுதுவேன். எனக்கும் ஆடும். ரெண்டு பேரும் மாத்தி மாத்தி எழுதுவோம். அந்தப் பாலம் மேல லாரி போச்சு, பீரங்கி போச்சு, ஒண்ணும் ஆகல."

அவர் மூச்சு வாங்கிக்கொண்டார். மகன் மேடை ஓரத்தில் அசையாமல் நின்றான்.

"சண்ட முடிஞ்ச பிறகும் அது போகல அவருக்கு. பத்து வெரலும் ஆடும். சண்ட ஓஞ்சு திறப்பு விழா வெச்சு இந்தப் படம் எடுத்த அன்னிக்கு நான் பக்கத்துலதான் இருக்கேன். பெரிய அதிகாரி எல்லாம் வந்திருக்காங்க. படத்துல கை ஆடுறது தெரிஞ்சிரும்னு கம்பியப் பிடிச்சுக்கிட்டாரு. பாருங்க, எப்படி இறுக்கிப் பிடிச்சிருக்காருன்னு. அஞ்சு வெரலும் வெளுத்துப் போயிருக்கு பாருங்க."

எல்லோரும் பார்த்தார்கள். முன்வரிசையில் அவளுடைய சித்தப்பா மகன் உதடு அசைய விரல்களை எண்ணினான். பிறகு பலகையிலிருந்த தேதியைப் படித்தான். முணுமுணுப்பு வரிசை வரிசையாகப் பின்னால் போயிற்று.

"அப்ப விரல் எப்படிப் போச்சு?" என்று யாரோ வாய்விட்டே கேட்டார்கள்.

மேஜரம்மா எழுந்திருக்கப் பார்த்தாள். அதற்குள் பின்னால் டிங்கர்காரர் எழுந்துவிட்டார். நல்ல மனிதர். தான் உதவி செய்வதாகத்தான் நினைத்திருப்பார்.

"அது கார் ஃபேன்ல போனதுங்க. வெளிய நிக்குதே, அதே பச்சைக் கார்தான். நாங்க யார் புதுசா போனாலும் முதல்ல கையத்தான் காட்டுவாரு. 'என்ஜின் ஓடறப்ப உள்ள கை விட்டா இப்படித்தான் ஆகும், நான் படிச்ச முட்டாள், நீங்க படிக்காமலே தெரிஞ்சுக்கங்க'ம்பாரு. அவரு புண்ணியத்துல எங்க சங்கத்துல எல்லாருக்கும் விரல் முழுசா இருக்கு."

பின்வரிசை மொத்தமும் கையைத் தூக்கிக் காட்டியது. ஒருவர் சிரிக்க, அடுத்தவர் சிரிக்க, மண்டபமே சிரித்தது. என்ன நடக்கிறதென்று தெரியாமல் ஒயர்லெஸ்ஸும் சேர்ந்து சிரித்தார்.

மகன் சிரிக்கவில்லை. கூட்டத்தைத் தாண்டி அம்மாவைப் பார்த்தான். பிறகு மேடையை விட்டிறங்கி, பக்கவாட்டுக் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனான்.

அவள் அவன் பின்னால் போனபோது அவன் பச்சைக் காரின் முன்னால், மூடியிருந்த பானெட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்டா."

"யாரு கெளப்பி விட்டது அந்தக் கதைய? தாத்தாவா?"

"தாத்தா ஊதிப் பெருசாக்கினாரு. ஆரம்பிச்சது நான்தான். கார எடைக்குப் போட்டுருவாருன்னு பயந்து சொன்னேன். அப்பா மேல தப்பு இல்ல. நான்தான் வாய மூடுன்னேன்."

"டிங்கர் தட்டறவருக்குத் தெரியும். பெயின்ட் அடிக்கறவருக்குத் தெரியும். எனக்கு மட்டும் தெரியக் கூடாதா?" அவன் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். "அந்தக் கயித்துகிட்ட நின்னப்ப எனக்கு என்ன தோணிச்சு தெரியுமாம்மா? அவரு ரெண்டு விரலக் குடுத்துட்டும் போல்ட்ட விடல, எனக்கு பத்து விரலும் இருந்தும் கயித்தப் பிடிக்கத் துப்பில்லையேன்னு தோணிச்சு. இன்னி வரைக்கும் அதுதான் தோணுது. இப்ப அந்தப் பெரியவர் சொல்றாரு, அப்பாவுக்கும் கை ஆடுமாம். இத அவரு வாயால ஒரு தடவ கேட்டிருந்தா..."

"அவருக்குக் கை ஆடினது எனக்கே தெரியாதுடா. சத்தியமா. இன்னிக்குத்தான் கேக்கறேன்."

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். நம்புகிறானா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவளுக்கும் அந்த நேரத்தில்தான் உறைத்தது. அவரோடு ஒரு ஆயுள் குடும்பம் நடத்தியிருக்கிறாள். அவர் எப்போதும் எதையாவது பிடித்துக்கொண்டுதான் நிற்பார். நாற்காலி முதுகு, ஸ்பேனர், ஸ்டியரிங், சமையலறைக் கதவு நிலை. பழக்கம் என்று நினைத்திருந்தாள்.

"அவரு ஒரு தடவ சொல்லிடலாமான்னு கேட்டாருடா. நீ கதவச் சாத்திக்கிட்டு இருந்த வாரம். நான்தான் வேணாம்னேன்." சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் இனி எதையும் உள்ளே வைத்துக்கொள்ளத் தெம்பில்லை.

அவன் அவளைக் கடந்து உள்ளே போய்விட்டான். அவள் காரில் சாய்ந்து நின்றாள். தகடு வெயிலில் சூடேறியிருந்தது. உள்ளே போகவும் பயம், நிற்கவும் பயம். கடைசியில் மருமகள் வந்து, "அத்தை, எல்லாரும் கெளம்பறாங்க. வாங்க" என்று கூப்பிட்டாள். அவள் முகத்திலிருந்து எதையும் படிக்க முடியவில்லை.

உள்ளே பாதிக் கூட்டம் கலைந்திருந்தது. மகன் ஒயர்லெஸ்ஸின் நாற்காலிக்கு முன்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். அலுவலகச் சட்டை கசங்குவதைப் பற்றிக் கவலையில்லாமல், அவர் காதருகே வாயை வைத்துக் கத்திக்கொண்டிருந்தான்: "கை ஆடறப்ப அப்பா என்ன பண்ணுவாரு?"

"எதையாவது கழட்டி மாட்டுவாரு" என்று அவரும் கத்தினார். "என் ரேடியோப் பெட்டிய எத்தன தடவ கழட்டியிருப்பாரு! சில நாள் திரும்பச் சேராது. மேலிடத்துல எனக்குத்தான் திட்டு விழும்."

மகன் சிரித்தான். நாள் முழுக்க இப்போதுதான் அவன் சிரிப்பதைப் பார்த்தாள்.

பொழுது சாயும் நேரத்தில் ஒயர்லெஸ்ஸை அவர் தங்கியிருந்த இடத்துக்குக் கொண்டுபோய் விட மகன் தன் காரை எடுத்தான். மருமகள் மண்டபத்துக் கணக்கைத் தீர்க்கத் தங்கிவிட்டாள். மேஜரம்மா பின்னிருக்கையில் ஏறிக்கொண்டாள். முன்னிருக்கையில் முதியவர். வழிநெடுக இருவரும் கத்திக் கத்திப் பேசினார்கள். ஆற்றின் இழுப்பு, மரத்தடிச் சமையல், ஒரு நாய்க்குட்டியைக் கேப்டன் சார் சட்டைக்குள் வைத்துத் தூங்கியது. அவளுக்கு எதுவும் தெரிந்திருக்கவில்லை. நடுவில் ஒரு கேள்வி கேட்க வாயெடுத்தாள். மகன் கண்ணாடியில்கூடப் பின்னால் பார்க்கவில்லை.

முதியவரை வாசல்வரை கொண்டு விட்டு வந்து அவன் ஸ்டியரிங்கின் முன் உட்கார்ந்தான். சாவியைத் திருப்பவில்லை. அவள் பின்னால் முடங்கிக் கிடந்தாள். திட்டப் போகிறானா, அழப் போகிறானா, ஒன்றுமே சொல்லாமல் வீட்டில் இறக்கிவிட்டுப் போய்விடுவானா? அப்படிப் போனால் அடுத்த முறை எப்போது வருவான்?

"முன்னாடி வந்து உக்காரும்மா" என்றான்.

இறங்கி, கதவைத் தேடி, முன்னால் ஏறினாள். பெல்ட்டின் கொக்கி அகப்படவில்லை. அவன் குனிந்து எடுத்து மாட்டிவிட்டான். முகத்தைப் பார்க்கவில்லை.

"உன்மேல கோவம் போகல. சொல்லிட்டேன்."

"சரிடா."

"அவ்வளவு சீக்கிரம் போகாது."

"சரி."

வண்டி தெருமுனை திரும்பியதும் கேட்டான்: "அன்னிக்குக் காலையில என்ன நடந்துச்சு? தாத்தா சொன்ன மாதிரி இல்லாம, நடந்தத நடந்தபடி சொல்லு."

அவளுக்கு எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. "கார் முதல் தடவையா ஸ்டார்ட் ஆச்சு" என்றாள். "உங்கப்பா குழந்த மாதிரி குதிச்சாரு."